எறும்பு விட்டுப் பார்த்த பால்

1

இருபத்திரண்டு வருஷமாகப் பேசாத என் அக்கா, போன ஆடி மாதம் போன் செய்தாள். நான் கடையில் மிளகாய் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடை. முதலாளி நம்ம பக்கத்துக்காரர்தான். தெரியாத நம்பர் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"தம்பி, நான் வடிவு பேசுதேன்."

"எந்த வடிவு?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"ஒன்கூடப் பொறந்தவ."

"சொல்லு."

"கனிக்கு மூணாம் மாசம். மொத பிள்ளை போனது மாதிரி இதுவும் போயிரக் கூடாதுன்னு, நாரோயில் டாக்டரம்மா திருவனந்தபுரத்துக்கு எழுதிக் குடுத்திருக்கு. ஒன் மவளுக்கு ரத்தத்துல பாத்த பேப்பர் ஒண்ணு இருக்காம்லா. அது வேணுமாம். கோளாறு எந்த எடத்துலன்னு அதுல இருக்குமாம்."

கனி அக்காளின் மகள். அவளுக்கு நான் தாய்மாமன். அவள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் இல்லாமலே மாலை மாற்றினார்கள். முதல் பிள்ளை பன்னிரண்டாம் நாள் வாந்தி எடுத்தே இறந்துபோனது. கிருமி என்று சொன்னார்களாம்.

"பேப்பர் தாரேன்" என்றேன். "நீ என் வீட்டுக்கு வரணும். பேச்சி மூஞ்சியப் பாத்து, 'ஒன் பால்ல ஒண்ணுமில்ல'ன்னு சொல்லணும். சொன்ன அன்னைக்குப் பேப்பர்."

பேச்சி என் மனைவி. அக்கா போனை வைத்துவிட்டாள். நான் மூட்டையை மறுபடி எடை போட்டேன். முதல் தடவை போட்ட எடை மறந்துபோயிருந்தது.

2

இந்தக் குறிப்பை எழுதுகிறவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். சூரத்தில் பரோட்டாக் கடை, பம்பாயில் தேங்காய் லாரி, பிறகு மஸ்கட்டில் பதினொரு மாதம் என்று அலைந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் வந்து நின்றேன். இது வெளிநாடு இல்லை, தெரியும். வள்ளியூரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் மஸ்கட்டில் இருந்தபோதுகூட ஊர் இவ்வளவு தூரமாக இருந்ததில்லை. கடல் தாண்டிப் போனவன் லீவுக்கு வருவான். நான் வரவில்லை.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றிவிடச் சொன்னாள் என் மகள் உமா. மாற்றிவிட்டேன். படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். தெரியட்டும்.

எங்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். என் அம்மாவின் அண்ணன் மகனுக்கு அக்காளைக் கொடுத்தோம். அவர் தங்கச்சி பேச்சியை நான் கட்டினேன். ஒரே ரத்தம் இரண்டு வீட்டிலும் ஓடியது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் முதல் பிள்ளை ஆண். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தான். ஏழாம் நாளிலிருந்து குடிக்கிற பாலையெல்லாம் வாந்தியாக எடுத்தான். முகம் சுருங்கிக் கிழவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. பத்தாம் நாள் அக்கா வந்தாள். வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பேச்சியிடம் ஒரு சங்கில் பால் பீய்ச்சித் தரச் சொன்னாள். சர்க்கரை டப்பாவிலிருந்து மூன்று கட்டெறும்பைப் பிடித்து அந்தச் சங்கில் விட்டாள்.

எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். செத்தால் விஷப் பால். இதுதான் எங்கள் பக்கத்துப் பரிசோதனை. மூன்றும் கொஞ்ச நேரம் காலை உதைத்தன. பிறகு மிதந்தன.

"பாத்துக்கிட்டியளா" என்றாள் அக்கா. எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

அன்றோடு பேச்சியின் பாலை நிறுத்தினார்கள். சீனித் தண்ணீரும், எங்கேயோ போய் வாங்கி வந்த கழுதைப் பாலும் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் காலையில் பிள்ளை இறந்துபோனான். பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். பெயர் வைக்காததால் சாங்கியம் ஒன்றும் கிடையாது. துணியில் சுற்றி நானே கொண்டுபோனேன். திரும்பி வரும்போது பேச்சி கிணற்றடியில் நின்று மாரைப் பிழிந்து பாலைத் தரையில் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்ட வலி. பக்கத்தில் யாரும் போகவில்லை. அந்த இடத்தில் எறும்பு வந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வரிசையாக வந்தது. ஒன்றும் சாகவில்லை.

மாதம் முடியுமுன்னே அவளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

3

உமா இங்கே பிறந்தாள். அரசு ஆஸ்பத்திரி. பிள்ளையைப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். பெண் பிள்ளைதான், ஆனால் வயிற்றுக்குள் இருக்கும்போதே ஆண் சுரப்பு அதிகமாகி, வெளியே பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாமல் இருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டாம். அது செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல், வேண்டாததை அதிகம் செய்கிறதாம். உடம்பில் உப்பு நிற்காதாம்.

"முன்பு பிள்ளை மரிச்சிட்டுண்டோ?" என்று கேட்டார் டாக்டர். முன்னால் பிள்ளை ஏதும் இறந்ததா என்று.

சொன்னேன். எறும்பையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பால் அல்ல சேட்டா. உப்பாணு போயது" என்றார். அன்றைக்கு எனக்கு மலையாளம் அரைகுறை. அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

உப்பு போனதாம். நான் அதற்கு முந்தின வாரம்தான் தூத்துக்குடி உப்பு நூறு மூட்டை இறக்கியிருந்தேன்.

பிறப்பை எழுதுகிற கிளார்க் பதினொரு நாள் என்னை நடக்கவிட்டான். "ஆணோ பெண்ணோ?" என்பான். "டாக்டர் எழுதித் தரல" என்பேன். "எங்கில் நாளெ வா", அப்படியானால் நாளைக்கு வா என்பான். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் சோதனை முடிவு வந்து, பெண் என்று எழுதினான். எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனை விட்டுவிட்டேன். எனக்கு ஒரு சமயத்தில் ஒரு எதிரிதான் தாங்கும்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குச் சொன்னேன். பிள்ளை பிழைத்துவிட்டது, மாத்திரை இருக்கிறது, பால் காரணமில்லை என்று. அக்காதான் எடுத்தாள்.

"ரெண்டுங்கெட்டானப் பெத்துப்போட்டிருக்காளாம்லா" என்றாள்.

அதற்குப் பிறகு பேசவில்லை.

உமாவுக்குத் தினம் மூன்று வேளை மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. பர்சில் ஒரு கார்டு இருக்கும். மயங்கி விழுந்தால் என்ன ஊசி போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மற்றபடி ஸ்கூட்டர் ஷோரூமில் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. கோபம் வந்தால் முழு மலையாளம். எங்கள் ஊரை 'நிங்ஙளுடெ நாடு' என்பாள். உங்கள் ஊராம். எனக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லை. அந்த ஊர் அவளுக்கு வேண்டாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் எடுத்துப் பரம்பரைக் கோளாற்றைப் பார்த்துப் பேப்பர் கொடுத்தார். உமாவுக்குப் பேச்சியிடமிருந்து ஒரு கோளாறு, என்னிடமிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கே அதை நகல் எடுத்து லேமினேட் செய்தேன். என்றைக்காவது அக்கா முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு. அவள் கிழித்தாலும் கிழியக் கூடாது என்று.

4

போன் வந்த நாலாம் நாள் உமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கனி அக்கா வாட்ஸ்அப்பில் மெசேஜ் அயச்சாங்க. ரிப்போர்ட் கேட்டாங்க. கொடுத்தாச்சு."

"யாரைக் கேட்டுக் கொடுத்த?"

"யாரைக் கேட்கணும்? என்றெ ரத்தமல்லே அப்பா?"

நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் தட்டை மறுபடி என் பக்கம் தள்ளினாள். "அந்தக் குழந்தை என்ன செஞ்சு? அது ஒண்ணும் எறும்பு விடலல்லோ."

பேச்சி குழம்பு ஊற்றினாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்திருந்தாள்.

எனக்கு இருந்த ஒரே பிடி போய்விட்டது. ஆனால் அடுத்த வாரமே வேறொன்று கிடைத்தது. பரம்பரை நோய்ப் பிரிவின் டாக்டரம்மா, குடும்பத்தில் எத்தனை பேர் வர முடியுமோ அத்தனை பேரும் வரட்டும், படம் வரைய வேண்டும் என்றார். நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்காவும் கனியும் கனியின் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பேச்சியின் அக்காள் மகன். மறுபடியும் அதே ரத்தம்.

அக்கா தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சியைப் பார்த்து, "மெலிஞ்சிட்ட" என்றாள். பேச்சி, "நீங்களும்தான் மதினி" என்றாள். உமாவை அக்கா ஓரக்கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள். உமா கவனித்துவிட்டாள். "ஸ்கூட்டர் எடுக்கணும்னா சொல்லுங்க அத்தை. டிஸ்கவுண்ட் ஒண்ணும் கிட்டாது" என்றாள். கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் ஒரு பாரத்தில் கனி கையெழுத்துப் போட வேண்டும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்று உறுதி. அக்கா, "அதுகூடச் சொல்ல மாட்டாங்களா? பின்ன என்ன டெஸ்ட்டு?" என்றாள். டாக்டரம்மா சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்துபோனால் குறுக்கே ஒரு கோடு. உமாவின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். கனியின் முதல் பிள்ளைக்கு ஒரு சதுரம், ஒரு கோடு. எங்கள் மகனுக்கு ஒரு சதுரம், ஒரு கோடு.

"அம்மைக்கு எத்தனை பிரசவம்?" என்று அக்காவைக் கேட்டார். தமிழ் கொஞ்சம் வந்தது அவருக்கு.

"ரெண்டு. மவ ஒண்ணு, மவன் ஒண்ணு."

"மரிச்சுபோன குழந்தை?"

"கெடையாது."

நான் இதற்காகத்தான் வந்திருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அக்காளின் தலைப்பிரசவம் எங்கள் அம்மா வீட்டில்தான் நடந்தது. நான் அப்போது சூரத்தில். அம்மா எழுதச் சொன்ன இன்லண்டு லெட்டரில் கடைசிக்கு முந்தின வரி: வடிவுக்கு ஆண் குழந்தை பிறந்து பதினோராம் நாள் தங்காமல் போய்விட்டது, நீ கவலைப்பட வேண்டாம், பனியன் வாங்கி அனுப்பு.

"மூணு" என்றேன்.

அக்கா திரும்பினாள். "ஏல, பேர் வைக்காதத எண்ணுவாவளால?"

"எண்ணணும் அம்மா" என்றார் டாக்டரம்மா. "அதுதான் ஆத்யம் எண்ணணும். பேர் வைக்கிறதுக்கு முன்னாடி போன குழந்தைகளை ஆரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. இந்த அசுகம் அப்பத்தான் கொண்டுபோகும்."

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கனி தன் அம்மாவையே பார்த்தாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தானாம்மா? என் பிள்ளை செத்தப்பகூட நீ சொல்லலியே."

"ஒரு ஆண்" என்றாள் அக்கா. டாக்டரம்மா சதுரம் போட்டு, கோடு போட்டார். பேனா சத்தம் கேட்டது.

அக்காவின் சதுரத்தை மற்றவர்கள் தலை நீட்டிப் பார்த்தார்கள். பேச்சி மட்டும் பார்க்கவில்லை.

5

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

மத்தியானம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை சாப்பாடு வாங்கப் போனான். கனியும் உமாவும் உள்ளே படுத்துக்கொண்டு மாத்திரை அட்டையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கனி கேட்பது காதில் விழுந்தது. "வலிக்குமா? பள்ளிக்கூடத்துல என்னமும் சொன்னாங்களா? கல்யாணம்லாம் கட்டலாமா?" உமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சின்ன வயதில் செய்த ஆபரேஷனைப் பற்றி என்னிடம்கூடச் சொல்லாதவற்றை அவளிடம் சொன்னாள்.

நான் கூடத்தில் அக்காவை உட்காரவைத்தேன். ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தேன். கடையில் வாங்கிய கவர் பால். சர்க்கரை டப்பாவைத் திறந்து மூன்று எறும்பு பிடித்தேன். அவள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக விட்டேன். உதைத்தன. மிதந்தன.

"இது எருமையோ பசுவோ, யாரு பெத்த மாடோ தெரியாது" என்றேன். "செத்துட்டு பாரு. எந்தப் பால்ல விட்டாலும் சாகும். எறும்புக்கு நீச்சல் தெரியாதுக்கா. குடி."

லேமினேட் செய்த பேப்பரையும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா டம்ளரைத் தொடவில்லை. அதற்குள்ளேயே பார்த்தாள்.

"எனக்கும் விட்டாங்கல" என்றாள்.

"என்ன?"

"என் பாலுக்கும் விட்டாங்க. அம்மைதான் விட்டா. மூணும் செத்துட்டு. 'யார்ட்டயும் சொல்லாத, நீ வாழ வேண்டியவ, நம்ம அண்ணன் வீட்டுல குடுத்திருக்கு'ன்னா. கனிக்கு நான் பால் குடுக்கல. டப்பாப் பால்தான் குடுத்தேன். அவ பொழச்சா. அதனால அது நெசம்னு நெனச்சேன்."

எறும்பு விட்டது என்னைத் தூக்கி வளர்த்த அம்மா. செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் காரியத்துக்குப் போகவில்லை, அக்கா அங்கே இருப்பாள் என்பதற்காக.

"அப்ப பேச்சிக்கு ஏன் விட்ட?" என்றேன். "ஒனக்குப் பட்டது தெரியும்லா?"

"எனக்கு மட்டும்தான் அப்படியான்னு பாக்கணும்னு இருந்துச்சி."

இதை எழுதும்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. பேச்சியின் மார்பில் பால் கட்டியிருந்த அந்த மத்தியானம் இவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கிறது. தனக்குக் கூட்டு கிடைத்துவிட்டதென்று.

பேச்சி அடுக்களையிலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். டம்ளரை எடுத்தாள். "பால வீணாக்குதிய" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வேறு பாலில் காப்பி போட்டு வந்து அக்கா முன்னால் வைத்தாள். அக்கா குடித்தாள். நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

6

நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கியிருந்தது பிள்ளை. நோய் உண்டு.

அக்கா மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கனி ஒத்துக்கொள்ளவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு எங்களிடமே சொன்னாள். "மாமா, உமாவப் பாத்துட்டு வந்துதான் சொல்லுதேன். அவள மாதிரி வாயாடியா வந்தா எனக்குப் போதும். பெத்துக்கிடுதேன்."

மாசியில் இங்கேயே பிரசவம். பிறந்த அன்றிலிருந்தே ரத்தம் பார்த்தார்கள், மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பீர்கள். சொல்லப் போவதில்லை. என் மகளைப் பற்றி ஊர் கேட்டது போதும்.

அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்பதால் தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அக்காவும் தங்கினாள். பேச்சிதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடிப்பது, உப்புத் தண்ணீரை அளந்து கலப்பது, எந்த வேளையும் தவறாமல் கொடுப்பது. அக்கா மாணவி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கனியிடம் பிள்ளை பால் குடிக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். எனக்கு அது என்ன நாள் என்று தெரியும். பேச்சிக்கும் தெரியும். காலையிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து மணி வாக்கில் பிள்ளை பாலைக் கக்கியது. அக்கா அலறினாள்.

"ஏட்டி பேச்சி! பால எடுக்குதுட்டி! ஓடி வா!"

பேச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் உச்சியில் விரல் வைத்துப் பார்த்தாள். குழியவில்லை. நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. துணியைப் பார்த்தாள். மூத்திரம் போயிருந்தது. பிள்ளை அவள் விரலைப் பிடித்துச் சப்பியது.

"கக்கல்தான். வாந்தி இல்ல" என்று கனியிடம் சொன்னாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எறும்பு பிடிச்சிட்டு வரவா மதினி?"

கனி தலையைக் குனிந்துகொண்டாள். உமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். நான் இருபத்திநாலு வருஷம் யோசித்து யோசித்து வைத்திருந்ததெல்லாம், பேப்பரும் டம்ளரும், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன் பால்ல ஒண்ணுமில்லட்டி. அன்னைக்கும் ஒண்ணுமில்ல."

"தெரியும்" என்றாள் பேச்சி. "எந்திரிங்க. கொஞ்ச நேரம் முதுகத் தட்டிக் குடுங்க. ரெண்டு மணிக்கு மாத்திரை, இன்னைக்கு நீங்கதான் பொடிக்கணும்."

பிள்ளையை அக்கா தோளில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அவளுக்கு அது போதும்போல. எனக்குப் போதவில்லை. பேச்சியின் பாலில் எறும்பு செத்ததை அன்றைக்கு எட்டிப் பார்த்தவர்கள் பதினேழு பேர். அக்கா சொன்னதைக் கேட்டது நாங்கள் நாலு பேரும் ஒரு பச்சைப் பிள்ளையும். மற்றவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். சிலர் வீட்டில் பெயர் வைக்காமல் போன பிள்ளைகளும் உண்டு. யார் வீடு என்று எனக்குத் தெரியும். அவர்களும் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதி அனுப்புகிறேன்.

எட்டிப் பார்த்த பதினெட்டாவது ஆள் நான். அந்த வார்த்தையைப் பேச்சியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துக் காட்டும்போது சொல்ல வேண்டும்.